மலை மிதிவண்டி ஓட்டுவதற்கு ஏற்ற கால்சட்டை

நெய்வேலியில் மலை இல்லை. ஆனால் மலை மிதிவண்டிகள் நிறைய இருக்கின்றன. தடித்த டயர், முன்பக்கம் சஸ்பென்ஷன் வைத்த ஃபோர்க், பல கியர்கள், நேரான ஹேண்டில்பார் ஆகியவற்றைக் கொண்ட இந்த வண்டிகளை மாணவர்கள் 'எம்டிபி' என்றோ 'கியர் சைக்கிள்' என்றோ சொல்கிறார்கள். நகரியத்தின் அகலமான தார்ச்சாலைகளுக்கு இவ்வளவு தடித்த டயர் தேவையே இல்லை. நகரியத்தைத் தாண்டி முத்தாண்டிக்குப்பம், காடாம்புலியூர் பக்கம் போனால்தான் அந்த டயருக்கு வேலை வருகிறது. முந்திரித் தோப்புகளுக்கு நடுவே மாட்டுவண்டியும் டிராக்டரும் போட்ட செம்மண் தடங்கள், மழைநீர் அறுத்த சிறு ஓடைகள், சரளைக்கல் மேடுகள், தாழ்ந்து கிடக்கும் கிளைகள் எல்லாம் அங்கே உண்டு. புவியியலாளர்கள் கடலூர் மணற்கல் என்று அழைக்கும் செந்நிறப் படிவம் இது. கடலூரை ஒட்டியுள்ள கேப்பர் மலையும் இந்தப் படிவத்தைச் சேர்ந்ததுதான்.

1956-ல் தொடங்கப்பட்ட பழுப்பு நிலக்கரி நிறுவனத்தின் திறந்தவெளிச் சுரங்கங்களிலிருந்து அகற்றிக் கொட்டிய மண்மேடுகள் தொலைவிலிருந்து பார்த்தால் குன்றுகளைப் போலவே தெரியும். தடித்த டயர் வைத்திருப்பவர்களுக்கு அவை ஆசை காட்டும். அவை தடைசெய்யப்பட்ட பகுதி. சரியும் மண்ணும் கனரக இயந்திரங்களும் உள்ள இடம். அங்கே ஓட்டுவதற்கு எந்த உடையும் பொருத்தமல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடலாம்.

பிற இடங்களில் ஓட்டுபவர்களுக்கான உடையைப் பற்றியது இந்தக் கட்டுரை, அதிலும் இடுப்புக்குக் கீழே அணிவதைப் பற்றியது. தலைக்கவசத்துக்கு அடுத்தபடியாக உடம்பைக் காப்பதும், கவனிக்காவிட்டால் உடம்பைப் புண்ணாக்குவதும் கால்சட்டைதான். வண்டிக்கு ஆயிரக்கணக்கில் செலவு செய்யும் பலர் வீட்டில் கிடக்கும் ஜீன்ஸையோ பழைய டிராக் பேண்ட்டையோ மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். இருபது கிலோமீட்டருக்குப் பிறகு வலிக்கிறது என்றால், பலரும் சீட்டைத்தான் குறை சொல்கிறார்கள்.

பழைய சைக்கிளும் புதிய சைக்கிளும்

தமிழ்நாட்டில் சைக்கிள் ஓட்டுவதற்கென்று தனி உடை இருந்ததில்லை. வேட்டியை மடித்துக் கட்டியவரும், லுங்கி கட்டியவரும், சேலை உடுத்தியவரும், ஷிப்ட் முடிந்து காக்கிக் கால்சட்டையோடு வீடு திரும்பும் தொழிலாளியும் அதே உடையோடு ஓட்டினார்கள். அது முடிந்ததற்குக் காரணம் வண்டியின் அமைப்பு. கறுப்பு நிற ரோட்ஸ்டர் சைக்கிளில் செயினை முழுவதும் மூடிய தகட்டு உறை இருக்கும். பெண்கள் ஓட்டும் வண்டியில் பின்சக்கரத்தின் மேல்பாதியை வலை மூடியிருக்கும், குறுக்குக் குழாய் தாழ்ந்திருக்கும். சீட் அகலமாகவும் ஸ்பிரிங் வைத்ததாகவும் இருக்கும். உடை செய்ய வேண்டிய வேலையை வண்டியே செய்தது.

மலை மிதிவண்டியில் இவை எதுவும் இல்லை. செயின் திறந்து கிடக்கிறது. வலப்பக்கம் பெடலுக்குப் பின்னால் கூரிய பற்களோடு பற்சக்கரம் சுற்றுகிறது. சீட் குறுகலானது, முன்மூக்கு நீண்டது. ஓட்டுபவர் முன்பக்கம் சாய்ந்து அமர்கிறார். கரடுமுரடான இடத்தில் சீட்டை விட்டு எழுந்து நிற்கிறார், மீண்டும் அமர்கிறார். வண்டியிலிருந்து எடுத்துவிட்ட பாதுகாப்பை உடையில்தான் தேட வேண்டியிருக்கிறது.

இந்த விளையாட்டைத் தொடங்கியவர்களுக்கும் தனி உடை இருக்கவில்லை. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் மரின் மாவட்டத்து இளைஞர்கள் 1970-களில் பழைய தடித்த டயர் சைக்கிள்களை மலைமேல் தள்ளிக்கொண்டு போய், மண்பாதையில் வேகமாக இறங்கி விளையாடினார்கள். 1976-ல் அங்கே 'ரீபேக்' என்ற பெயரில் பந்தயம் நடக்கத் தொடங்கியது. ஒரே இறக்கத்தில் பின் பிரேக்கின் கிரீஸ் முழுவதும் எரிந்துபோகும், மீண்டும் கிரீஸ் அடைக்க வேண்டியிருக்கும் என்பதால் வந்த பெயர் அது. அவர்கள் அணிந்தது ஜீன்ஸும் கட்டம் போட்ட தடித்த சட்டையும் வேலைக்குப் போடும் பூட்ஸும். மறுபுறம் சாலைப் பந்தய வீரர்கள் நெடுங்காலமாகத் தொடையை ஒட்டிய குறுங்கால்சட்டை அணிந்து வந்தனர். அதன் உள்ளே, அமரும் இடத்தில், ஷாமி என்ற மலையாட்டின் மெல்லிய தோலை வைத்துத் தைத்திருப்பார்கள். துவைத்தால் அந்தத் தோல் விறைத்துவிடும். அதை மென்மையாக்கவும் உராய்வைக் குறைக்கவும் களிம்பு தடவுவார்கள். இப்போது தோல் போய் செயற்கை நுரை மெத்தை வந்துவிட்டது. ஆனால் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சைக்கிள் கடைகளில் 'ஷாமி' என்றாலும் 'பேட்' என்றாலும் ஒன்றுதான்.

இன்றைய மலை மிதிவண்டி உடை இந்த இரண்டும் கலந்தது. உள்ளே சாலை வீரரின் மெத்தை வைத்த ஒட்டிய டிராயர், வெளியே தளர்வான, கிழியாத கால்சட்டை. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்ட நெடுந்தூர மலைப் பந்தயத்தில் வீரர்கள் எடைக்காகவும் வேகத்துக்காகவும் இன்றும் ஒட்டிய உடையையே விரும்புகிறார்கள். செங்குத்தாக இறங்கும் பந்தயத்தில் உடலோடு ஒட்டிய லைக்ரா ஆடையைச் சர்வதேச மிதிவண்டி ஒன்றியத்தின் விதிகள் அனுமதிப்பதில்லை. நமக்கு இந்த வேறுபாட்டிலிருந்து கிடைக்கும் செய்தி எளிது: எவ்வளவு நேரம் அமர்ந்திருப்போம், எவ்வளவு விழ வாய்ப்பு உண்டு என்ற இரண்டு கேள்விகளும்தான் உடையைத் தீர்மானிக்கின்றன.

அமரும் இடத்தில் நடப்பது

நாற்காலியில் அமரும்போது நம் எடையைத் தாங்குவது இடுப்பெலும்பின் அடிப்பகுதியில் உள்ள இரண்டு முனைகள். உள்ளங்கையை மேல்நோக்கி வைத்து அதன்மேல் அமர்ந்து பார்த்தால் அவை தெளிவாகத் தட்டுப்படும். சைக்கிள் சீட்டிலும் இந்த இரண்டு எலும்புகளே எடையைத் தாங்க வேண்டும். அவற்றுக்கு நடுவே உள்ள மென்பகுதியில் நரம்புகளும் இரத்தக் குழாய்களும் போகின்றன. அங்கே அழுத்தம் கூடினால் மரத்துப்போகும். மரத்துப்போவதைச் சிலர் பழக்கமாகிவிடும் என்று விட்டுவிடுகிறார்கள். அது பழக வேண்டிய விஷயமல்ல. சீட்டின் உயரம், சாய்வு, அகலம், பேட் ஆகியவற்றில் ஏதோ ஒன்று பொருந்தவில்லை என்பதற்கான அறிகுறி அது.

அழுத்தம் ஒரு பக்கம் இருக்க, உராய்வு இன்னொரு பக்கம். ஒரு நிமிடத்துக்கு எழுபது எண்பது முறை பெடல் சுற்றினால் ஒரு மணி நேரத்தில் ஒவ்வொரு தொடையும் நான்காயிரம் முறைக்கு மேல் சீட்டின் மூக்கை உரசிச் செல்கிறது. அந்த இடத்தில் ஒரு தடித்த தையல் இருந்தால் அது அரம் போல வேலை செய்யும். வியர்வை சேர்ந்தால் ஊறிய தோல் எளிதில் உரியும். அடைபட்ட மயிர்க்கால்களில் கிருமி புகுந்தால் கட்டி வரும். அழுத்தம், உராய்வு, ஈரம் என்ற மூன்றையும் குறைப்பதே மெத்தை வைத்த உள்டிராயரின் வேலை. தடித்த மெத்தை இருந்தால் சொகுசு என்று பலர் நினைப்பதுபோல அது தலையணை அல்ல.

உள்டிராயரும் பேட்டும்

கடையில் பேட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். விரல் உடனே அடிவரை போய் மறுபக்கம் தட்டினால் அந்த நுரை அரை மணி நேரத்தில் தட்டையாகிவிடும். கொஞ்சம் எதிர்ப்புக் காட்டி, விட்டதும் மெல்ல எழுந்தால் நல்ல அடர்த்தி. நல்ல பேட்டில் எலும்பு படும் இரு இடங்களில் நுரை அடர்த்தியாகவும், நடுவில் மெலிதாகவோ பள்ளமாகவோ, ஓரங்களில் படிப்படியாகத் தேய்ந்து மறைவதாகவும் இருக்கும். ஒரே தடிமனில் வெட்டி ஒட்டிய பேட்டின் ஓரம் தொடையை அறுக்கும்.

மலைப்பாதையில் ஓட்டுபவர் அடிக்கடி எழுந்து நிற்பதால், சாலைப் பயணத்துக்கான பேட்டைவிட மெலிதானதே போதும். தடித்த பேட் நிற்கும்போது கால்களுக்கு நடுவே பொதிபோல உறுத்தும், வியர்வையைக் குடித்துக்கொண்டு காயாமலும் கிடக்கும். நெய்வேலியிலிருந்து விருத்தாசலம் வரை தார்ச்சாலையில் போய்வருவதே பெரும்பகுதி என்றால் கொஞ்சம் தடித்ததை வாங்கலாம். தோப்புத் தடங்களில் இரண்டு மணி நேரம் சுற்றுவதற்கு மெலிதானது நல்லது.

இந்த உள்டிராயரை ஜட்டி இல்லாமல்தான் அணிய வேண்டும். புதிதாக வாங்குபவர்கள் பெரும்பாலும் கூச்சத்தாலோ தெரியாமலோ ஜட்டிக்கு மேல் அணிகிறார்கள். அப்போது ஜட்டியின் எலாஸ்டிக்கும் தையலும் பேட்டுக்கும் தோலுக்கும் நடுவே மாட்டிக்கொள்கின்றன. பேட்டின் மேல்துணியில் தையலே இல்லாமல் செய்வதன் நோக்கமே அதனால் வீணாகிறது.

தையலையும் பாருங்கள். இரண்டு துணி விளிம்புகளைச் சேர்த்துத் தடிப்பாக நிற்கும் ஓவர்லாக் தையல் உள்தொடையில் இருக்கக் கூடாது. துணிகளைத் தட்டையாக இணைக்கும் ஃபிளாட்லாக் தையல் வேண்டும். திருப்பூரில் பின்னலாடை வேலை தெரிந்த எவரும் இந்த வித்தியாசத்தை ஒரு நொடியில் காட்டிவிடுவார். டிராயரை உட்புறமாகத் திருப்பி, கண்ணை மூடிக்கொண்டு உள்தொடைத் தையலை விரலால் தடவிப் பார்ப்பதே எளிய சோதனை. விரலுக்குத் தெரியும் மேடு, தொடைக்கு நான்காயிரம் மடங்காகத் தெரியும்.

அளவு இறுக்கமாக இருக்க வேண்டும், ஆனால் மூச்சு முட்டக் கூடாது. பேட் தோலோடு ஒட்டி நகராமல் இருந்தால்தான் உராய்வு துணிக்கும் சீட்டுக்கும் நடுவே போகும். தளர்ந்தால் உராய்வு பேட்டுக்கும் தோலுக்கும் நடுவே வந்துவிடும். 'கொஞ்சம் பெரிசா எடுத்துக்கோ, வளர்ற பிள்ளை' என்ற நம் வீட்டு வழக்கம் இங்கே மட்டும் செல்லாது.

துணி

பருத்தி நம் ஊர் வெயிலுக்கு ஏற்றது என்பது வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது சரி. வியர்த்துக் கொட்டும் உழைப்பில் அதன் குணமே எதிரியாகிறது. சாதாரணக் காற்றில் பருத்தி இழை தன் எடையில் ஏறக்குறைய 8 சதவீத ஈரத்தை ஈர்த்து வைத்திருக்கும். நைலான் சுமார் 4 சதவீதம், பாலியெஸ்டர் அரை சதவீதத்துக்கும் குறைவு. வியர்வையில் நனைந்தால் பருத்தி அதை இழைக்குள்ளேயே குடித்து, கனத்து, தோலோடு ஒட்டிக்கொள்ளும். பாலியெஸ்டரில் ஈரம் இழைக்குள் புகாமல் இழைகளுக்கு நடுவே பரவி, மேற்பரப்பில் காற்றுபட்டுக் காய்ந்துவிடும். கடைகளில் 'டிரை ஃபிட்' என்று சொல்லி விற்பவற்றின் அடிப்படை இதுதான்.

இதற்கு ஓர் எல்லை உண்டு. ஈரம் காய்வதற்குக் காற்றில் இடம் வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் கடலூர் மாவட்டத்துக் காற்றே ஈரத்தால் நிறைந்திருக்கும்போது எந்தத் துணியும் விளம்பரத்தில் சொல்வதுபோல் காயாது. அப்போது தோலில் ஒட்டாமல் இருப்பதே கிடைக்கும் ஆதாயம்.

வெளிக்கால்சட்டைக்கு நைலான் அதிகம் உழைக்கும். உரசலைத் தாங்குவதில் அது பாலியெஸ்டரை விட மேலானது. முந்திரிக் கிளையும் சீமைக்கருவேல முள்ளும் உள்ள இடத்தில் இது பெரிய வேறுபாடு. இரண்டிலும் சிறிதளவு ஸ்பாண்டெக்ஸ் கலந்திருந்தால் காலைத் தூக்கும்போது துணி இழுபடாது. 1958-ல் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தில் உருவாக்கப்பட்டு, லைக்ரா என்ற வணிகப் பெயரால் பரவலாக அறியப்பட்ட இழை அது. வெப்பமும் குளோரின் வெளுப்பானும் அதன் பகைவர்கள்.

ஜீன்ஸ் கிழியாது, உண்மைதான். ஆனால் அதன் தையல்கள் எல்லாம் சந்திக்கும் கவட்டை முடிச்சு சரியாக அமரும் இடத்தில் வருகிறது. நனைந்தால் கனக்கிறது, முழங்காலை மடக்க விடுவதில்லை. மரின் இளைஞர்கள் அதை அணிந்தது மலைமேலிருந்து கீழே இறங்குவதற்கு. ஏறும்போது பெரும்பாலும் வண்டியைத் தள்ளிக்கொண்டோ லாரியில் ஏற்றிக்கொண்டோ போனார்கள்.

அரைக்கால்சட்டையைத் தேர்ந்தெடுத்தல்

கடைக் கண்ணாடி முன் நின்று பார்த்து வாங்குவது பயனற்றது. யாரும் நின்றபடி மட்டும் சைக்கிள் ஓட்டுவதில்லை. அணிந்துகொண்டு குந்த வேண்டும், ஒரு காலை நாற்காலி மேல் தூக்கி வைக்க வேண்டும், இடுப்பை மடக்கி முன்னால் சாய வேண்டும். அப்போது மூன்று இடங்களைக் கவனிக்கலாம்.

பின்இடுப்பு கீழிறங்கி முதுகு தெரிந்தால் அந்த வெட்டு சைக்கிளுக்கானது அல்ல. சைக்கிளுக்கான கால்சட்டையில் பின்புறம் முன்புறத்தைவிட உயரமாக வெட்டியிருப்பார்கள். விழுந்து சறுக்கும்போது இடுப்புத் தோலைக் காப்பதும் அந்த இரண்டு விரற்கடை துணிதான். வயிற்றுப் பக்கம் கனமான பித்தான், பெல்ட் பக்கிள் எதுவும் அழுத்தக் கூடாது. இருபுறமும் வெல்க்ரோ பட்டியால் இறுக்கும் வகை வசதியானது.

நீளம், நிற்கும்போது முழங்காலின் அடிவரை வர வேண்டும். அமர்ந்து ஒரு கால் மேலே வரும்போது துணி ஏறும். அப்போதும் முழங்காலின் மேல்விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தால் சரி. முழங்கால் காப்பு அணிபவர்கள் காப்போடு போட்டுப் பார்த்தே வாங்க வேண்டும். காப்புக்கும் துணிக்கும் நடுவே தோல் தெரிந்தால், விழும்போது சிராய்ப்பது அந்த இடமாகத்தான் இருக்கும்.

மூன்றாவது கவட்டை. இதைத்தான் நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். கவட்டையில் துணி தொங்கினால், எழுந்து நின்று ஓட்டிவிட்டு மீண்டும் அமரும்போது சீட்டின் மூக்கு அந்தத் துணியில் மாட்டும். சமதரையில் சிரித்துவிட்டுப் போகலாம். ஓடைக்கரை இறக்கத்தில் உடம்பைப் பின்னால் தள்ளிவிட்டு முன்னுக்கு வர முயலும் நொடியில் சீட் பிடித்து நிறுத்தினால், கை ஹேண்டில்பாரை இழுத்து வண்டி கவிழும். கூடைப்பந்து டிராயர், மூன்று பங்கு நீளக் கார்கோ இவையெல்லாம் இதனால்தான் ஆபத்து. பார்ப்பதற்கு மலை மிதிவண்டிக் கால்சட்டை போலவே இருக்கும், ஆனால் கவட்டை தாழ்ந்திருக்கும். கவட்டையில் நான்கு துணிகள் ஒரு புள்ளியில் சேராமல், வைரவடிவத் துண்டு ஒன்று வைத்துத் தைத்திருந்தால் தொங்காமலும் இழுக்காமலும் இருக்கும்.

பாக்கெட்டுக்கு ஜிப் இருக்கட்டும். செல்பேசியைத் தொடையின் வெளிப்பக்கத்தில், சற்றுப் பின்தள்ளி வைக்கும்படி பாக்கெட் இருந்தால் பெடல் சுற்றும்போது ஆடாது. சாவிக்கொத்தைக் கால்சட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு ஓட்ட வேண்டாம். விழுந்தால் அது தொடைக்குள்தான் இறங்கும்.

முழுக்கால்சட்டை எப்போது தேவை

நெய்வேலியைச் சுற்றி வருடத்தின் பெரும்பகுதிக்கு அரைக்கால்சட்டையே ஏற்றது என்று வெயிலைப் பார்த்தால் தோன்றும். தரையைப் பார்த்தால் அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது. தோப்போரங்களில் சீமைக்கருவேலம் தடத்தின் மேல் சாய்ந்து நிற்கும். மழை முடிந்த மார்கழி, தை மாதங்களில் வரப்போரம் நாயுருவி முற்றிக் காலெல்லாம் ஒட்டிக்கொள்ளும். ஒட்டுப்புல் வெறுங்காலைக் கீறி அரிப்பை விட்டுச் செல்லும். வெட்டிப்போட்ட முந்திரிக் கிளையின் முனை தாடையைக் கிழித்தால் தையல் போடும் அளவுக்குக்கூடக் காயமாகலாம். ஆள் நடமாட்டம் குறைந்த தடங்களில் போவதாக இருந்தால் மெல்லிய நைலான் முழுக்கால்சட்டையே நல்லது. அல்லது அரைக்கால்சட்டையோடு முழங்கால் காப்பும், தாடை மூடும் நீளக் காலுறையும் அணியலாம். பின்னது வெயிலுக்கு ஒத்துவரும் சமரசம்.

முழுக்கால்சட்டையில் முதலில் பார்க்க வேண்டியது கணுக்கால். திறந்த செயினுக்குப் பக்கத்தில் அகலக் கால் விளிம்பு ஆடினால் வலக்கால் பற்சக்கரத்தில் சிக்கும். சிக்கினால் துணி கிழிவது நல்ல முடிவு. கிழியாத துணி பெடலைப் பூட்டி, காலை ஊன்ற முடியாமல் செய்து, வண்டியோடு சாய்த்துவிடும். பள்ளிச் சீருடைக் கால்சட்டையோடு கியர் சைக்கிள் ஓட்டும் மாணவர்களுக்கு இது அன்றாட ஆபத்து. முன்பு சைக்கிள் கடைகளில் கிடைத்த வளைந்த எஃகு கிளிப்பை இப்போது அதிகம் காண முடிவதில்லை. வெல்க்ரோ பட்டையோ, காலுறைக்குள் செருகிக்கொள்வதோ, அகலமான ரப்பர் பேண்டோ அந்த வேலையைச் செய்யும். மலை மிதிவண்டிக்கென்று தைத்த கால்சட்டைகள் முழங்காலுக்குக் கீழே குறுகி, கணுக்காலில் ஒட்டி நிற்கும். அதே சமயம் முழங்காலிடம் காப்பு போகும் அளவுக்கு இடமும், மடக்கியபடியே வெட்டிய வடிவமும் இருக்கும்.

அடி குறுகிய ஜாக்கர் வகை டிராக் பேண்ட் இதற்கு மிக அருகில் வருகிறது. விலையும் குறைவு. பருத்திப் பஞ்சு வைத்ததைத் தவிர்த்து, வழவழப்பான நெய்த துணியில் எடுத்தால் நாயுருவி விதை அவ்வளவு ஒட்டாது. உள்ளே பேட் டிராயர் போட்டுக்கொண்டால் தொடக்கத்துக்கு இதுவே போதும் என்பேன்.

மலைக்குப் போகும்போது கணக்கு மாறுகிறது. கல்வராயன் மலையோ, 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலையோ ஏறும்போது உடம்பு கொதிக்கும். இறங்கும்போது வியர்த்த உடம்பில் காற்று அடித்து முழங்கால் விறைக்கும். சுமார் 2,200 மீட்டர் உயரத்தில் உள்ள உதகையில் தை மாத விடியலில் உறைபனியே உண்டு. அங்கே அரைக்கால்சட்டையோடு இறக்கத்தில் போவது வீரமல்ல. ஏறும்போது கழற்றிப் பையில் வைக்கவும் இறங்கும்போது மாட்டவும் ஏற்ற முழங்கால் உறையோ காற்றைத் தடுக்கும் மெல்லிய கால்சட்டையோ வேண்டும். மழைக்காலத்தில் நீலகிரி, வால்பாறைப் பக்கத்து ஈரப்புல்லில் அட்டைகள் காத்திருக்கும். கணுக்காலில் ஒட்டிய கால்சட்டையை நெருக்கமாக நெய்த நீளக் காலுறைக்குள் செருகினால் தப்பிக்கலாம். காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதியின்றி நுழைவது குற்றம் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

தண்ணீர் புகாத மழைக்கால்சட்டை நெய்வேலிக்கு வேண்டாத செலவு. வெளியிலிருந்து வரும் மழையைத் தடுத்துவிட்டு, உள்ளேயே வியர்வை மழையைப் பொழிய வைக்கும். இங்கே மழையில் நனைவது குளிர்ச்சிதானே தவிர ஆபத்தல்ல. சீக்கிரம் காயும் துணி போதும்.

பெண்களுக்கு

1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சேர்த்துச் சைக்கிளையும் கற்றுக்கொடுத்தபோது, ஆயிரக்கணக்கான பெண்கள் சேலையும் தாவணியுமாகத்தான் ஓட்டினார்கள். இன்று கியர் சைக்கிள் ஓட்டும் பெண்ணுக்கு அந்த வழி இல்லை. துப்பட்டா, சேலை முந்தானை, அகலமான பலாசோ மூன்றும் திறந்த பின்சக்கரத்துக்கும் செயினுக்கும் இரையாகக்கூடியவை.

பெண்களின் இருக்கை எலும்புகளுக்கு இடையேயான தூரம் பொதுவாகச் சற்று அதிகம். எனவே ஆண்களுக்கான பேட்டில் அடர்த்தியான பகுதி எலும்புக்கு உள்பக்கமாக விழுந்து, வலிக்கக் கூடாத இடத்தில் அழுத்தும். பெண்களுக்கான பேட் பின்பக்கம் அகன்றும், முன்பக்கம் குட்டையாகவும், நடுத்தையல் இல்லாமலும் இருக்கும். கடையில் ஆண்களுக்கானதுதான் இருக்கிறது, சிறிய அளவில் எடுத்துக்கொள்ளுங்கள் என்றால் ஏற்க வேண்டாம்.

ஊருக்குள் முழங்கால் தெரியும் உடையில் போவது பற்றிய தயக்கம் உண்மையானது. அதைப் புத்திமதியால் தீர்க்க முடியாது. பேட் வைத்த டிராயருக்கு மேல் அடி குறுகிய நைலான் கால்சட்டையும், இடுப்புக்குக் கீழே நான்கு விரற்கடை மட்டும் வரும் குர்தியோ டிசர்ட்டோ அணிந்தால் பாதுகாப்பில் எந்தக் குறையும் இல்லை. மேலாடை அதற்கும் நீண்டால் சீட் மூக்கில் மாட்டும். கவட்டையைப் பற்றிச் சொன்ன அதே ஆபத்து அதிலும் உண்டு.

துவைப்பதும் தோலும்

ஓட்டி முடித்ததும் செய்யும் முதல் வேலை கால்சட்டையைக் கழற்றுவதாக இருக்க வேண்டும். டீக்கடையில் ஈரப் பேட்டோடு ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருப்பதுதான் நம் ஊர்களில் பாதிச் சிக்கலுக்குக் காரணம். தொடை இடுக்கில் படர்தாமரை வருவதற்கு வெப்பம், ஈரம், இறுக்கம் மூன்றும் சேர்ந்த இந்த இடத்தைவிட வசதியானது வேறில்லை. ஒருமுறை போட்டதைத் துவைக்காமல் மறுநாள் போடவே கூடாது. இதனால்தான் விலையுயர்ந்த ஓர் உள்டிராயரைவிட நடுத்தர விலையில் இரண்டு வாங்குவது மேல். மழைக்காலத்தில் பேட் காய ஒன்றரை நாள்கூட ஆகும்.

அரிப்பு வந்தால் மருந்துக்கடையில் கேட்டு ஒரு களிம்பை வாங்கிப் பூசும் வழக்கம் நம்மிடம் பரவலாக இருக்கிறது. அவற்றில் பல, பூஞ்சை மருந்தோடு ஸ்டீராய்டும் கலந்தவை. இரண்டு நாளில் அரிப்பு அடங்கும். பூஞ்சை அடங்காது. நிறுத்தியதும் முன்னைவிட அகலமாகப் படரும், தோல் மெலிந்து வரிவரியாகும். இந்தியத் தோல் மருத்துவர்கள் பல ஆண்டுகளாக இதைப் பற்றி எச்சரித்து வருகிறார்கள். மருத்துவரிடம் காட்டிவிடுவதே நல்லது. சீட்டில் படும் இடத்தில் கட்டி வந்தால் அது ஆறும்வரை ஓட்டக் கூடாது. நீரிழிவு உள்ளவர்கள் இதில் இரட்டைக் கவனம் கொள்ள வேண்டும்.

துவைக்கும்போது சுடுநீர், வெளுப்பான், துணி மென்மையாக்கி எதுவும் வேண்டாம். மென்மையாக்கி இழைமேல் படலமாகப் படிந்து, ஈரம் பரவும் தன்மையையே கெடுத்துவிடும். உள்புறம் வெளியே வரும்படி திருப்பிச் சாதாரணத் தூளில் அலசி, முறுக்கிப் பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்தி, காற்றோட்டமான நிழலில் உலர்த்த வேண்டும். உச்சி வெயிலில் கொடியிலேயே விட்டால் எலாஸ்டிக் சீக்கிரம் உயிர்விடும். உராய்வுக்குப் பெட்ரோலியம் ஜெல்லி தடவுபவர்கள், அது பேட்டிலிருந்து எளிதில் போகாது என்பதால் கூடுதலாக ஒருமுறை அலசலாம்.

எதை முதலில் வாங்குவது

கையில் பணம் குறைவு என்றால் முதலில் பேட் வைத்த உள்டிராயர். அதற்கு மேல் வீட்டில் இருக்கும், கவட்டை தொங்காத எந்த டிராயரும் ஆகும். அடுத்தது முழங்கால் காப்பு. மூன்றாவதாகத்தான் மலை மிதிவண்டிக்கென்று தைத்த வெளிக்கால்சட்டை. கடைகளில் இது தலைகீழாக நடக்கிறது. வெளியே தெரியும் கால்சட்டைக்கு வண்ணமும் பெயரும் இருப்பதால் அதை வாங்கிவிட்டு, உள்ளே பருத்தி ஜட்டியோடு ஓட்டுகிறார்கள். உள்டிராயர் சேர்த்தே விற்கும் கால்சட்டைகளில் அந்த டிராயரின் பேட் பெரும்பாலும் பெயருக்குத்தான் இருக்கும். விரலால் அழுத்திப் பார்த்த பிறகே அதற்குக் காசு கொடுக்கலாம்.

பேட் எப்போது தேய்ந்துவிட்டது என்பதற்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது ஒரு வழி. அமரும் இடத்தில் துணி சல்லடையாகத் தெரிந்தாலோ, நுரை அழுத்தியபடியே எழாமல் கிடந்தாலோ மாற்ற வேண்டிய நேரம். வெளிக்கால்சட்டை முதலில் நைவது கவட்டையிலும் வலக்காலின் உள்கணுக்காலிலும். இரண்டையும் ஊர்த் தையல்காரரிடம் கொடுத்து ஒட்டுப்போடலாம். ஒட்டுத்துணியை வெளிப்பக்கம் வைத்துத் தைக்கச் சொல்ல வேண்டும். உள்பக்கம் வைத்தால் அதன் விளிம்பு தொடையில்தான் உரசும்.